டிரெய்லர் லாரியில் சி.பி. ரேடியோ கேட்கவில்லை: ஏரியலை மாற்றுவதா, வேறு எதையாவது பார்ப்பதா?

கொழிஞ்சாம்பாறை புல்லர்

வணக்கம். எங்களிடம் இரண்டு புல்லர் வண்டிகளும் (டிரெய்லரை இழுக்கும் லாரிகள்) இரண்டு பைலட் ஜீப்புகளும் உள்ளன. பெரும்பாலும் காற்றாலை இறக்கைகளைத்தான் ஏற்றுகிறோம். வாளையாறு, கோபாலபுரம் என்று எந்த வழியாகச் சென்றாலும், ஒரு கிலோமீட்டர் முன்னால் போகும் ஜீப், எதிரே பேருந்து வருகிறது, வளைவில் மாட்டு வண்டி நிற்கிறது என்று முன்கூட்டிச் சொன்னால்தான் பின்னால் வரும் புல்லர் ஓட்டுநரால் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள சரக்கைத் தகுந்த இடத்தில் நிறுத்த முடியும். செல்பேசியை ஓட்டுநர் கையில் எடுக்கக் கூடாது. காட்டுப் பகுதியில் சிக்னலும் கிடைக்காது. அதனால் நான்கு வண்டிகளிலும் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் அலைவரிசை) ரேடியோ வைத்திருக்கிறோம்.

பழைய புல்லரில் நான்கைந்து கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்ட அதே ரேடியோ, புதிய புல்லருக்கு மாற்றிய பின் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தாண்டவில்லை. நாங்கள் பேசுவது ஜீப்புக்குக் கேட்கிறது. ஜீப் பேசுவதுதான் எங்களுக்கு அடுப்பில் எண்ணெய் கொதிப்பது போன்ற இரைச்சலுக்குள் அமுங்கிப் போகிறது. நான்கடி பைபர் ஏரியலை இடப்பக்கக் கண்ணாடித் தாங்கியில் பொருத்தியிருக்கிறோம். இதைவிட நீளமான ஏரியல் வாங்கலாமா, அல்லது இரட்டை ஏரியல் போடலாமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மீனாட்சிபுரம் பாடி

யோசிக்கவே வேண்டாம், அண்ணா. ஒன்பதடி எஃகுக் கம்பி ஏரியலைப் பின்பக்கம் நிறுத்திவிடுங்கள். கூடவே ஒரு பூஸ்டர் பெட்டியும் வாங்கிப் போட்டால் திருச்சூர் வரைக்கும் பேசலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

முதலில் ஒரு விளக்கம்: நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரன், ஆந்திரச் சித்தூர்க்காரன் அல்லன். இந்த இழையில் இரு மாநில எல்லைக்காரர்களும் எழுதுவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தம்பி கேட்டிருப்பது கேட்புத்திறனைப் பற்றி. மீனாட்சிபுரம் தம்பி சொல்லியிருக்கும் பூஸ்டரோ அனுப்பும் திறனைக் கூட்டுவது. நாம் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் நம் காது கூர்மையாகிவிடாது. அது சட்டத்துக்கும் ஒத்து வராது. நம் நாட்டில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இந்தப் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றாலும், 5 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த நாற்பது சானல் ரேடியோவில் 28 முதல் 40 வரையுள்ள சானல்கள் நம் எல்லைக்கு வெளியே விழுகின்றன என்பதையும் பலர் கவனிப்பதில்லை. 27ஆம் சானல் 27.275 மெகாஹெர்ட்ஸ், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒன்பதடிக் கம்பி நல்ல ஏரியல்தான், மறுக்கவில்லை. இந்த அலையின் நீளம் ஏறக்குறைய 11 மீட்டர், அதில் கால் பங்கு 2.75 மீட்டர்; ஒன்பதடி என்பது அங்கிருந்துதான் வருகிறது. நான்கடி ஏரியலில் குறைகிற நீளத்தைச் சுருளாகச் சுற்றி ஈடுகட்டியிருப்பதால் அதன் திறன் சற்றுக் குறையும். ஆனால் உங்கள் கேபின் கூரையே தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரம் இருக்கும். அதன்மேல் ஒன்பதடியை நிறுத்திக்கொண்டு மின்மயமான ரயில் பாதையின் லெவல் கிராசிங்கைக் கடந்தால், தலைக்கு மேல் செல்வது 25,000 வோல்ட். அந்த யோசனையை இத்துடன் விட்டுவிடுவோம்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது. நீங்கள் பேசுவது ஜீப்புக்குக் கேட்கிறது, ஜீப் பேசுவதுதான் உங்களுக்குக் கேட்கவில்லை. ஏரியல் மட்டும் மோசமாக இருந்தால் போக்கும் வரவும் ஏறக்குறைய ஒரே அளவில் கெட வேண்டும். வரவு மட்டும் கெட்டிருந்தால் உங்கள் வண்டிக்குள்ளேயே ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆள் நடமாட்டமில்லாத திறந்த வெளியில் வண்டியை நிறுத்தி, ஸ்குவெல்ச் திருகை (இரைச்சலையும் மெல்லிய குரலையும் அடைத்து வைக்கும் திருகு) முழுவதும் இடப்பக்கம் திருப்பி, எஞ்சின் ஓடும்போது ரேடியோவின் சிக்னல் மீட்டர் ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். அதன்பின் விளக்குகள், செல்பேசி சார்ஜர், மின்விசிறி, ஜி.பி.எஸ். பெட்டி என்று ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே ஊசியைக் கவனியுங்கள். கடைசியாக ரேடியோவின் பின்னாலுள்ள ஏரியல் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றியதும் இரைச்சல் அடங்கினால் அது ஏரியல் வழியாக வருகிறது. அடங்காவிட்டால் மின்சார வயர் வழியாக வருகிறது. பிளக் கழன்றிருக்கும் போது தவறியும் மைக் பொத்தானை அழுத்தாதீர்கள், ரேடியோவின் கடைசிக் கட்ட டிரான்சிஸ்டர் எரிந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை புல்லர்

ஐயா, நேற்றிரவு கிளீனர் பையனையும் கூட்டிக்கொண்டு வேலந்தாவளம் சாலையோரம் ஒரு தென்னந்தோப்பு அருகே நிறுத்திச் செய்து பார்த்தேன். எஞ்சின் ஓடும்போதும் நிற்கும்போதும் ஊசி 6இல்தான் நின்றது. கேபின் கூரையில் பையன் ஒட்டியிருந்த நீல எல்.இ.டி. பட்டையை அணைத்ததும் 5க்கு வந்தது. செல்பேசி சார்ஜரைப் பிடுங்கியதில் ஒரு மாற்றமும் இல்லை. ஏரியல் பிளக்கைக் கழற்றினேன். முழுவதும் அடங்கவில்லை, 4இல் நின்றது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன்: ஓட்டுநர் இரைச்சல் பொறுக்க முடியாமல் ஸ்குவெல்ச் திருகை முக்கால் பாகத்துக்கு மேல் வலப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். ஜீப்பின் குரல் அந்தக் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. பத்து மணி நேரம் அந்தக் கொதிப்பைக் கேட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

புதிய புல்லரில் 24 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வெர்ட்டர் எது, எங்கே இருக்கிறது?

கொழிஞ்சாம்பாறை புல்லர்

பழைய வண்டியிலிருந்தது கனமான அலுமினியப் பெட்டி, சூடேறும். அதை அந்த வண்டியிலேயே விட்டுவிட்டோம். புதியதற்குச் சிறிய, எடை குறைந்த ஒரு பெட்டியை வாங்கி ரேடியோவுக்கு அடியிலேயே ஒட்டியிருக்கிறோம். சூடே ஆவதில்லை என்று மகிழ்ந்திருந்தேன்.

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

அந்தச் சூடு ஆகாத பெட்டிதான் முதல் குற்றவாளி. பழையது, மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாக எரித்துத் தள்ளுகிற வகை. வண்டி ஓடும்போது 28 வோல்ட் வரும், ரேடியோவுக்கு 13.8 போதும், பேசும்போது 2 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 28 வாட் வெப்பம். வீண்தான், ஆனால் அமைதியான வீண். புதியது மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டித் தருகிற ஸ்விட்ச்சிங் வகை. அந்த வெட்டுகளின் எதிரொலிகள் மடங்கு மடங்காக ஏறி 27 மெகாஹெர்ட்ஸ் வரை வந்து நிற்கும். நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளேயே வடிகட்டி வைப்பார்கள்; மலிவான பெட்டியில் அதற்குரிய இடம் சர்க்யூட் பலகையில் வெறுமையாக இருப்பதை நானே திறந்து பார்த்திருக்கிறேன்.

ஊசிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணக்குப்படி மீட்டரில் ஒரு எண் என்பது 6 டெசிபெல், அதாவது திறனில் நான்கு மடங்கு. எதிர்த் தரப்பு 5 வாட்டை 20 வாட்டாக உயர்த்தினால்கூட உங்கள் ஊசி ஓர் எண்தான் ஏறும். இரைச்சலை 6இலிருந்து 2க்கு இறக்கினால் நான்கு எண்களின் லாபம், அதுவும் ஏரியலுக்கு ஒரு பைசா செலவழிக்காமல். மலிவு ரேடியோக்களின் மீட்டர் இவ்வளவு துல்லியமாக இராது என்றாலும் திசை இதுதான்.

முடிந்தால் பழைய வகைப் பெட்டியையே இங்கும் வையுங்கள். இல்லையென்றால் இந்தப் பெட்டியை ரேடியோவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இரும்புப் பகுதியில் திருகி, உள்வரும் வயரிலும் வெளிச்செல்லும் வயரிலும் பெரைட் வளையம் (இரைச்சலை வடிகட்டும் காந்தப் பொருள் வளையம்) மாட்டி, வயரை அதன் வழியே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். வளையத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். காயலான் கடையில் (எங்கள் பக்கம் ஆக்ரிக் கடை என்பார்கள்) பழைய கம்ப்யூட்டர் மானிட்டர் கேபிளில் உருண்டையாகத் தடித்திருக்குமே, அதற்குள் இருப்பது அதுதான். சிறிய துளையில் ஐந்து சுற்று ஏறாவிட்டால் இரண்டு மூன்று உருண்டைகளை வரிசையாக மாட்டினாலும் ஓரளவு பயன் இருக்கும்.

மீனாட்சிபுரம் பாடி

எதற்குக் கன்வெர்ட்டர்? இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து நேராக 12 வோல்ட் எடுத்துவிட்டால் இரைச்சலே இல்லையே. நாங்கள் பாட்டுப் பெட்டிக்கு அப்படித்தான் எடுப்போம்.

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

எடுப்பீர்கள், ஓராண்டில் பேட்டரியும் வாங்குவீர்கள். தொடராக இணைத்த இரண்டில் ஒன்று மட்டும் இறங்கினால், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் சேர்த்து ஏற்றும்போது இறங்கியது நிரம்பாமலும் மற்றது அளவுக்கு மீறியும் ஏறும். இரண்டுமே சாகும்.

தடா உப்பங்கழி

வணக்கம். ஆந்திர எல்லையிலுள்ள தடா என்ற ஊரிலிருந்து எழுதுகிறேன். சூளூர்ப்பேட்டை பக்கம் கன்டெய்னர் வண்டிகளுக்கு மின்வேலை செய்கிறேன். இங்கே புலிக்காட்டு ஏரியின் உப்புக் காற்றுதான் எங்கள் எதிரி. ஏரியல் அடியிலுள்ள பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ஒரு முறை புகுந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலக் கேபிளின் பின்னலில் ஏறிக்கொண்டே போகும். ஒரு வண்டியில் நாற்பது செ.மீ. வரை கேபிளை வெட்டிய பிறகுதான் எனக்குச் செம்பு நிறம் தெரிந்தது. புதுப் பிளக் போட்டதும், தனக்குத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள்; அப்போதுதான் ஓட்டு வீட்டுக் கூரை போல ஒன்றின்மேல் ஒன்று படிந்து மழைநீரை வெளியே தள்ளும். புளித்த வாடை வீசும் சிலிக்கான் பசையைப் பூசாதீர்கள், அதிலுள்ள அமிலம் செம்பை அரிக்கும்.

கேபிள் பற்றாக்குறைக்கு டிஷ் கேபிளைப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அது 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம். அதோடு அதன் பின்னல் அலுமினியம், ஈயம் பிடிக்காது. பற்றவைத்தது போல் தெரியும், முதல் குழியில் வண்டி குலுங்கியதும் விட்டுப் போகும்.

டெக்சாஸ் பதினெட்டுச் சக்கரம்

என் சொந்த ஊர் கோவிந்தாபுரம். இப்போது அமெரிக்காவில் செமி டிரக் ஓட்டுகிறேன். இங்கே 19ஆம் சானல்தான் நெடுஞ்சாலையின் திண்ணை. செல்பேசி வந்த பின் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது என்றாலும், விபத்து, பனி, எடை நிலையம் பற்றிய செய்தி இன்னும் அதில்தான் முதலில் வரும். இரட்டை ஏரியலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இங்கே பெரிய டிரக்குகளின் இரு கண்ணாடிகளிலும் ஒவ்வோர் ஏரியல் நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இரண்டும் ஒரே கட்டத்தில் (அலை ஒன்றாக ஏறி இறங்கும்படி) இயங்கினால் முன்னும் பின்னும் வீச்சு சற்றுக் கூடும், பக்கவாட்டில் குறையும். நீண்ட சாலைக்கு அது பொருத்தம். ஆனால் இரண்டுக்கும் நடுவே கால் அலை, அதாவது 2.75 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். டிரக் கண்ணாடிகளுக்கு நடுவே எட்டு அல்லது எட்டரை அடி கிடைக்கும், ஏறக்குறையச் சரி. ஜீப்பில் இதைச் செய்வதில் பயனே இல்லை.

இரட்டை ஏரியலுக்குரிய கேபிள் 75 ஓமாக, ஒவ்வோர் ஏரியலுக்கும் போகும் துண்டு 18 அடியாக இருக்க வேண்டும். இந்த 18 அடிக்கு ஒரு காரணம் உண்டு. கேபிளுக்குள் அலை வெளியைவிட மெதுவாக, 66 விழுக்காடு வேகத்தில் ஓடுவதால், முக்கால் அலை நீளம் அங்கே 5.48 மீட்டராகச் சுருங்குகிறது; அந்த நீளமுள்ள 75 ஓம் கேபிள், 50 ஓம் ஏரியலை 112 ஓமாக மாற்றிக் காட்டும். அப்படி இரண்டை இணையாகச் சேர்த்தால் 56 ஓம், ரேடியோவுக்கு ஏற்றது. தனி ஏரியலுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை. வேண்டிய நீளம் போட்டால் போதும். கடைக்காரர்கள்தான் 18 அடியை வேதவாக்கு போலச் சொல்வார்கள்.

என் டிரக்கின் மேற்கூரை பைபர். பைபருக்கு எர்த் கிடையாது. முதல் ஆண்டு முழுவதும் நான் பட்ட பாட்டுக்கு அதுதான் காரணம். உங்கள் கண்ணாடித் தாங்கி எதனால் ஆனது என்று பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை புல்லர்

கன்வெர்ட்டரைத் தள்ளி வைத்து, மூன்று வளையங்கள் மாட்டி, நீலப் பட்டையையும் பிய்த்தெறிந்தாயிற்று (பையனுக்கு வருத்தம்தான்). ஊசி 6இலிருந்து 4க்கு இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் இப்போது 1. அப்படியானால் மீதி ஏரியல் வழியாக வருகிறது என்று புரிகிறது. கோவையிலிருந்து எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் (அனுப்பும் திறன் ஏரியலிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுவது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். 1, 14, 27 என மூன்று சானல்களிலும் 3க்கு மேல் போகிறது. கண்ணாடித் தாங்கி இரும்புதான், மேலே கறுப்புப் பெயின்ட்.

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

1ஆம் சானலில் மட்டும் அதிகமாக இருந்தால் ஏரியல் குட்டை, நீட்ட வேண்டும். 27இல் மட்டும் அதிகமாக இருந்தால் நீளம், குறைக்க வேண்டும். எல்லாவற்றிலும் 3க்கு மேல் என்றால் ஏரியலைத் தொடவே தொடாதீர்கள். கேபிள் அறுந்திருக்கும், அல்லது எர்த் இல்லை. 3 என்பது அனுப்பும் திறனில் கால் பங்கு திரும்பி வருகிறது என்று பொருள்.

டெக்சாஸ் தம்பி தொட்ட இடம் சரியான இடம். ஏரியல் என்பது பாதிதான், மறுபாதி வண்டியின் இரும்பு. உங்கள் தாங்கி இரும்பாக இருந்தாலும் பெயின்ட் மேல் போல்ட், அடியில் ரப்பர் வாஷர். கேபினோ முன்னால் கவிழும் கேபின். நான்கு மூலையிலும் ரப்பர் புஷ்மேல் மிதக்கிறது. சேசிஸுக்கும் அதற்கும் நடுவே உள்ள மின் தொடர்பு ஏதோ ஒரு மெல்லிய வயர் மட்டும். விளக்கு எரிய அது போதும், 27 மெகாஹெர்ட்ஸுக்கு அது ஒற்றையடிப் பாதை. ஏரியலுக்கு மறுபாதி கிடைக்காதபோது, கேபிளின் வெளிப்பின்னலே மறுபாதியாகிவிடும். அந்தக் கேபிள் எங்கே போகிறது? கேபினுக்குள், டாஷ்போர்டுக்கு அடியில், எல்லாக் கன்ட்ரோல் பெட்டிகளையும் உரசிக்கொண்டு போகிறது. அதாவது உங்கள் ஏரியலில் பாதி, இரைச்சலுக்கு நடுவே படுத்திருக்கிறது. எர்த் கோளாறும் கேட்புக் கோளாறும் ஒரே நோய் என்று நான் சொல்வது இதனால்தான்.

தாங்கி கதவில் இருக்கிறதென்றால் கதவுக்கும் கேபினுக்கும், கேபினுக்கும் சேசிஸுக்கும் செப்புப் பின்னல் பட்டை போடுங்கள். உருண்டை வயரைவிடத் தட்டையான பட்டை நல்லது. நீளம் குறைவாக இருக்கட்டும், ஆனால் கதவு திறக்கவும் கேபின் கவிழவும் வேண்டிய தொய்வு விடுங்கள். இரு முனையிலும் பெயின்டைச் சுரண்டி, இரும்பு பளபளத்ததும் பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள்.

கடைசியாக ஒன்று. எஸ்.டபிள்யூ.ஆர். அளப்பதை இறக்கை ஏற்றிய பிறகு செய்யுங்கள். இறக்கையின் அடிப்பாகம், எஃகு போல்ட்டுகளோடு, கேபினுக்குப் பின்னால்தானே வந்து நிற்கிறது? ஏரியலுக்கு அருகில் அவ்வளவு இரும்பு வந்தால் ஒத்திசைவு நகரும். காலி வண்டியில் அளந்த கணக்குச் சரக்கு ஏறியதும் பொய்யாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை புல்லர்

எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வேலைதான். தாங்கியின் போல்ட்டைக் கழற்றியபோது, ஐயா சொன்ன ரப்பர் வாஷர் ஒன்றல்ல, இரண்டு இருந்தன. பெயின்டைச் சுரண்டி, நான்கு பட்டைகள் போட்டோம். பழைய பேட்டரிக் கடை ஒன்றில் அந்தப் பின்னல் பட்டை கிடைத்தது. ஏரியல் அடிப் பிளக்கிலும் இலேசாகப் பச்சை பூத்திருந்தது. தடா நண்பர் சொன்னபடி வெட்டிப் புதியது போட்டு டேப் சுற்றினேன்.

பட்டை போட்டதும் 1ஆம் சானலில் 2.2, 27இல் 1.6. குட்டை என்று மீட்டரே சொன்னது. நுனித் திருகை ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன், இரண்டிலும் 1.5க்குள் வந்தது. செவ்வாயன்று இறக்கை ஏற்றிய பிறகு அளந்தால் 1ஆம் சானல் மறுபடி 1.9. இன்னும் அரைச் சுற்று எடுத்ததும் சரியாயிற்று.

ஊசி இப்போது 2இல் நிற்கிறது. நேற்று ஜீப்பைக் கஞ்சிக்கோடு தாண்டி அனுப்பி, புல்லரை வாளையாற்றிலேயே நிறுத்திக் கேட்டோம். ஐந்து கிலோமீட்டர் வரை ஒவ்வொரு சொல்லும் கேட்டது, எட்டில் பாதிப் பாதி கேட்டது. திருச்சூர் வழியில் போகும்போது மட்டும், குதிரான் சுரங்கத்துக்குள் ஜீப் நுழைந்ததும் குரல் அறுந்துவிடுகிறது. அதற்கு வழியில்லை என்று தெரியும், வெளியே வந்ததும் பேசச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். முற்பகல் பதினொரு மணிவாக்கில், ஜீப்பின் குரலுக்கு மேலே புரியாத ஒரு வேற்று மொழியில் யாரோ தெளிவாகப் பேசுகிறார்கள். கடல் கடந்த மொழி போலத் தெரிகிறது. இதுவும் கோளாறா?

சித்தூர் ரேடியோ மெக்கானிக்

கோளாறு இல்லை, வானம் திறந்திருக்கிறது. சூரியனின் செயல்பாடு ஓங்கியிருக்கும் ஆண்டுகளில் பகல் நேரத்தில் இந்த அலை அயனி மண்டலத்தில் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி இறங்கும். இத்தனை நாள் உங்கள் கன்வெர்ட்டர் அவர்களையும் சேர்த்து அமுக்கி வைத்திருந்தது. ஜீப்போடு முன்னரே பேசி இரண்டு மாற்றுச் சானல்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து உட்கார்ந்தால் நீங்கள் நகர்ந்துகொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறை புல்லர்

14ஐயும் 22ஐயும் குறித்துச் சன் வைசரில் ஒட்டிவிட்டோம், ஐயா. ஓட்டுநர் ஸ்குவெல்ச் திருகில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடும் போட்டிருக்கிறார், அதைத் தாண்டித் திருப்பக் கூடாது என்று. அடுத்த வாரம் இரண்டாவது புல்லரைக் கழற்றுகிறேன்.